ஏழாவது இன்னிங்ஸின் ஓரத்தில்

சனிக்கிழமை கால்பந்துக்காரர்கள்
செந்தூல் திடலை உழுதுவிட்டுப் போவார்கள்.
ஞாயிறு காலை சுண்ணாம்புப் பொடியால்
அதன்மேல் நாங்கள் ஒரு வைரம் வரைவோம்.
பாதிக் கோடு மழைக்கு. மீதி எங்களுக்கு.

மானேஜர் பரஞ்சோதிக்குக் குரல் அதிகம்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கும்
யார் எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும்.
எதிரணிக்கும்தான்.

போன வருஷம் மூன்று பயிற்சியாளர்களை எடுத்தார்.
பேட்டிங்குக்கு ஆரோக்கியம், ஃபீல்டிங்குக்கு ஹஃபீஸ்,
பிட்சர்களுக்கு சூன் வா.
"சரி பாஸ்" என்பதை மூன்று மொழியில் கேட்டதும்
அணி அமைந்துவிட்டது என்று மேசையைத் தட்டினார்.
சீசன் தொடங்கிப் பார்த்தால்
ஒரே ஒலிபெருக்கிக்கு நான்கு வாய்.
பதினெட்டு வயது பிட்சர் இளஞ்சேரன்
யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்
ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான்.
பதினான்கு ஆட்டம். மூன்று வெற்றி.
அதில் ஒன்று எதிரணியின் பஸ் வராததால்.

நான் ஸ்கோர் எழுதுகிறவள்.
பென்சில், அழிப்பான், குடை.
ஒன்பது வருஷமாக என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி
"எவ்வளவு?"
ஓரத்தில் நான் போடும் குறிகளை யாரும் கேட்டதில்லை.
பிட்சரின் தோள் இறங்கிய இடத்தில் ஒரு வட்டம்.
பரஞ்சோதி அவனை மாற்றிய இடத்தில் ஒரு புள்ளி.
இரண்டுக்கும் நடுவே எப்போதும்
இரண்டு பேட்டர் தூரம், மூன்று பேட்டர் தூரம்.

ஜனவரியில் மூவரும் விலகினார்கள்.
மாமாக் கடையின் மூலை மேசையில் புதிய ஆள் எடுப்பு.
முதலில் வந்த குல்வந்த்,
பழைய இறுதி ஆட்டமொன்றில் பரஞ்சோதி அடித்த அடியைப் புகழ்ந்தார்.
அந்த ஆட்டத்தில் பரஞ்சோதி ஆடவே இல்லை.
இருந்தும் பெயருக்கு நேரே ஒரு டிக் விழுந்தது.

அடுத்து நோரைனி.
சிரம்பானில் பள்ளிப் பெண்களுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்தவர்.
"என் பாணியோடு ஒத்துப்போவீர்களா?" என்றார் பரஞ்சோதி.
அவர் ரொட்டி சானாய் விரல்களை டிஷ்யூவில் துடைத்துவிட்டு
என் பக்கம் திரும்பி,
"போலே?" என்று கேட்டு
புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பக்கம் பக்கமாக.
தே தாரிக் மேல் ஆடை படியும்வரை.

"இந்த வட்டம் யார் போட்டது?"
நான் என் கண்ணாடிக் குவளையைப் பார்த்தேன்.
"பதினோரு ஆட்டத்தில்
மாற்ற வேண்டியவனை நீங்கள் நிற்கவைத்திருக்கிறீர்கள்.
கத்திக்கொண்டிருப்பவருக்குத் தோள் தெரியாது, என்சிக்."

மின்விசிறி மட்டும் தலையாட்டியது.
பரஞ்சோதி சில்லறையை எண்ணினார்,
மறுபடி எண்ணினார்,
எழுந்து போனார்.

குரல் பதிவைத் தவிர வேறெதுவும் அனுப்பாத மனுஷன்
மூன்றாம் நாள் எழுத்தில் அனுப்பினார்:
"சிரம்பான் அம்மாவுக்குக் கடிதம் அடி.
குல்வந்துக்கும் அடி.
எனக்கும் ஒரு ஆள் வேண்டும்."

ஆனாலும் நோரைனிக்கு ஒதுக்கியது
டக்அவுட்டிலிருந்து ஆகத் தொலைவான மூலை,
கால்வாய் ஓரம், பிட்சர்கள் உடல் சூடேற்றும் இடம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்.

ஏப்ரல். செராஸ் அணியோடு. ஏழாவது இன்னிங்ஸ்.
இளஞ்சேரனின் தோள் இறங்கியது.
வட்டம் போட்டேன்.
கால்வாய் ஓரத்தில் நோரைனி
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவ்வளவுதான்.
ஹஃபீஸ் இடத்துக்கு வந்த பையனைத் திட்டிக்கொண்டிருந்த பரஞ்சோதி
பாதி வார்த்தையில்
வாயை மூட மறந்து அந்தப் பக்கம் பார்த்தார்.
"சரி பாஸ்" என்றார் குல்வந்த்,
எதுவும் சொல்லப்படுமுன்பே.

மாற்றினார். ஒரு பேட்டர் தாமதம்.
புள்ளி வைத்தேன், வட்டத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு.

ஒரு ஓட்டத்தில் தோற்றோம்.
வழக்கம்போல என் குடைக்கடியில் வந்து குனிந்தார்.
நான் கூட்டுத்தொகையைக் காட்டினேன்.
"அது தெரியும்," என்றார்.
"எந்த இடத்தில்?"

பென்சில் முனையை அந்த வட்டத்தில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு நிமிர்ந்து
பேஸ்களை யார் எடுத்துவைப்பது என்று
ரயில் நிலையம்வரை கேட்கும்படி கத்தினார்.